நீர்க்கடனும் ஊர்க்கூட்டமும்

ஓர் ஊரார் ஒன்றுகூடிக் கண்மாய்க் கரையைச் செப்பனிடுவதும், ஆற்றங்கரையில் தேங்கிய நெகிழிக் கழிவுகளை அள்ளுவதும், சாலையோரத்தில் மரக்கன்று நட்டு வேலி கட்டுவதும் நற்செயல்கள் என்பதில் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. ஆனால் அந்த நன்மை எவ்வகையைச் சார்ந்தது என்று கேட்டால் விடை அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. செய்தவருக்குப் புகழும் புண்ணியமும் தந்து, செய்யாதவரைக் குற்றம் சாராமல் விட்டுவிடும் ஈகையின் வகையா அது? அல்லது செய்யாது ஒழிந்தவரைப் பழி வந்து பற்றும் கடனின் வகையா? ஈகை என்று கொண்டால், சுற்றுச்சூழலிலும் சமூக நலனிலும் அக்கறை உள்ளவர் சிலர் தம் விருப்பத்தின்பேரில் கூடிக் கலையும் நிகழ்வாக அது நின்றுவிடும். கடன் என்று கொண்டாலோ, யார் யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறார், கொடுக்கத் தவறினால் கேட்பவர் யார், கணக்கில் சேர்க்கப்படாமல் விடுபட்டவர் யார் என்னும் கேள்விகள் அடுத்தடுத்து வந்து நிற்கும். மலைக்கு அப்பால் பெய்யும் மழையைக் குடித்தும் பாய்ச்சியும் வாழும் கம்பம் பள்ளத்தாக்கில் இக்கேள்விகளைத் தள்ளிப்போட இடமில்லை.

மேற்கே ஏலமலையும் கிழக்கே மேகமலையும் சூழ, தேனி மாவட்டத்தின் தென்பகுதியில் நீண்டு கிடக்கும் இப்பள்ளத்தாக்கு மழைமறைவுப் பகுதியில் அமைந்தது. மழைமறைவு என்பது, தென்மேற்குப் பருவக்காற்று தன் நீரில் பெரும்பங்கை மலையின் மறுபுறத்திலேயே கொட்டிவிட்டு வறண்ட காற்றாக இப்புறம் இறங்கும் நிலை. அந்த மறுபுற நீரைத் தேக்கிச் சுரங்கம் வழியே கிழக்கு நோக்கித் திருப்பியது, 1887 இல் வேலை தொடங்கி 1895 அக்டோபரில் திறக்கப்பட்ட பெரியாறு அணை. அதன் நீரால் லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் விளைகிறது. சின்னமனூருக்குக் கிழக்கே மேகமலை அடிவாரத்தை ஒட்டியுள்ள ஓடைப்பட்டியின் நிலை வேறு. விதையில்லாத் திராட்சைக்குப் பெயர்பெற்ற இப்பேரூராட்சி அந்த இருபோகப் பாசனத்துக்கு வெளியே நிற்பது. இங்குள்ள திராட்சைப் பந்தல்களுக்குக் கிணறும் ஆழ்துளைக் கிணறும்தான் ஆதாரம். ஒரே பள்ளத்தாக்கில், கண்ணுக்குத் தெரிந்து ஓடிவரும் நீருக்குப் பட்ட கடனும், கண்ணுக்குத் தெரியாமல் நிலத்தடியில் கிடக்கும் நீருக்குப் பட்ட கடனும் அருகருகே இருக்கின்றன. முதலாவதற்கு விழாக்கள் உண்டு, இரண்டாவதற்கு இல்லை. இந்த வேறுபாட்டில்தான் ஆராய வேண்டிய பொருள் அடங்கியிருக்கிறது.

மனிதன் பிறக்கும்போதே கடனோடு பிறக்கிறான் என்னும் எண்ணம் இந்தியச் சிந்தனையில் மிகப் பழையது. தேவர், முனிவர், முன்னோர் ஆகிய மூவருக்கும் பட்ட கடன்களை வேதமரபு பேசுகிறது. பின்வந்த தரும நூல்கள் அதனை விரித்து, விருந்தினராகிய மனிதரையும் பிற உயிர்களையும் சேர்த்து, இல்லறத்தான் நாள்தோறும் ஆற்ற வேண்டிய ஐவகை வேள்விகளாக்கின. இவற்றுள் பூதவேள்வி என்பது காக்கை, நாய், எறும்பு முதலான உயிர்களுக்கு உணவில் பங்கு வைப்பது. பகவத்கீதையின் மூன்றாம் அத்தியாயம் இன்னும் ஒருபடி மேலே சென்று, மழையையும் உணவையும் மனிதனின் வேள்விச் செயலையும் ஒரு சுழற்சியாக வைத்துக் காட்டி, வாங்கியதைத் திருப்பிச் செலுத்தாமல் உண்பவனைக் கள்வன் என்றே சுட்டுகிறது. இங்கு வள்ளல்தன்மையின்மை குறையாகச் சொல்லப்படவில்லை, களவு சொல்லப்படுகிறது. திருக்குறளும் ஒப்புரவறிதலுக்கு ஓர் அதிகாரமும் ஈகைக்கு அதனையடுத்து வேறோர் அதிகாரமும் வகுத்து இரண்டையும் பிரித்தே வைக்கிறது. ஒப்புரவை உலகநடை என்று விளக்கும் பரிமேலழகர், அது நூல் விதித்துச் செய்வதன்றித் தாமே அறிந்து செய்யும் இயல்புடையது என்கிறார். வறியவனுக்குக் கொடுப்பது ஈகையானால், ஊரோடு வாழ்பவன் ஊருக்கு இயல்பாகவே செய்ய வேண்டியது ஒப்புரவு. அவ்வதிகாரம் ஊரார் நீருண்ணும் குளத்தையே உவமையாக எடுத்துக்கொள்வது தற்செயலாக இருக்க இயலாது.

இப்பள்ளத்தாக்கிலேயே இதனினும் கடுமையான ஒரு கொள்கையின் சுவடு கல்லில் கிடக்கிறது. உத்தமபாளையத்தில் கருப்பணசாமி கோயிலையொட்டிய பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டு, அவற்றின் அருகே வட்டெழுத்துக் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கு வாழ்ந்த சமணத் துறவியரின் கொள்கைப்படி, நிலமும் நீரும் நெருப்பும் காற்றும் தாமே ஓரறிவு உயிர்களின் உடம்புகள். நீரை அள்ளுவதும் நிலத்தைத் தோண்டுவதும் உயிர்க்குத் தீங்கு இழைப்பதே. தீங்கின்றி வாழ்வது எவர்க்கும் முடியாது என்பதையும் அம்மரபு அறிந்திருந்தது. ஆகவேதான், அன்றன்று இழைத்த தீங்கை எண்ணிப் பார்த்து, இன்ன உயிர்க்கு இன்னது செய்தேன் என்று ஒப்புக்கொண்டு மீளும் பிரதிக்கிரமணம் என்னும் ஒழுகலாற்றை அது வகுத்தது. கடனை அடைத்துவிட முடியும் என்னும் துணிவு இதில் இல்லை. கடனைக் கணக்கிடும் கட்டாயம் மட்டும் இருக்கிறது. சுற்றுச்சூழல் அறத்துக்கு இப்பாறை தரும் பாடம் மரம் நடச்சொல்லும் எந்த அறிவுரையையும்விட ஆழமானது எனலாம். பள்ளத்தாக்கின் பிற சமயங்களும் இதற்கு அயலானவை அல்ல. மனிதனைப் படைப்பின் உரிமையாளனாகக் கொள்ளாது பொறுப்பேற்ற பிரதிநிதியாகக் காணும் இசுலாமியக் கருத்து உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் தலைமுறை தலைமுறையாகப் போதிக்கப்படுவது. ராயப்பன்பட்டி போன்ற ஊர்களின் கத்தோலிக்கர்க்குரிய திருச்சபையோ, 2015 இல் போப் பிரான்சிஸ் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ என்னும் சுற்றுமடலில், செல்வ நாடுகள் ஏழை நாடுகளுக்குச் சூழலியல் கடன் பட்டிருப்பதாகவே எழுதியது.

கடன் என்னும் கருத்து பொதுவானதென்றால், அதனை ஊர் கூடி எவ்வாறு ஒப்புக்கொள்கிறது என்பதே அடுத்த வினா. இதற்குக் கம்பம் பள்ளத்தாக்கு தரும் தலையாய சான்று பென்னிகுயிக் பொங்கல். பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுயிக் 1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்தவர். அந்நாள் தைப்பொங்கலை ஒட்டியே வருவதால், பாலார்பட்டி மக்கள் அவருடைய படத்தை ஊர்வலமாகக் கொண்டுசென்று, பானை வைத்துப் பொங்கலிட்டு வழிபடுகின்றனர். பள்ளத்தாக்கில் பல வீடுகளிலும் கடைகளிலும் சாமிப்படங்களோடு அவர் படமும் மாட்டப்பட்டிருக்கிறது. ஆண் குழந்தைகளுக்கு அவர் பெயரை இடுவதும் உண்டு. 2013 ஜனவரி 15 அன்று லோயர்கேம்பில் அரசு அவருக்கு மணிமண்டபம் திறந்தது. சூரியனுக்கு நன்றி செலுத்தும் ஒரு பழைய சடங்குக்குள், கிறித்தவரான ஓர் அயல்நாட்டுப் பொறியாளரை எத்தகைய நெருடலுமின்றி அமர்த்திக்கொண்ட இம்மக்களின் சமய உணர்வு, எந்தச் சாத்திரத்தின் அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. நீர் கொடுத்தவர் தெய்வம் என்ற ஒரே அளவுகோல் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. இவ்வழிபாட்டை அறியாமை என்று ஒதுக்குவோர், நன்றியை நினைவில் வைத்திருக்க ஒரு சமூகம் எவ்வளவு உழைக்க வேண்டியிருக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

எனினும் நன்றி யாருக்குச் சென்று சேர்கிறது என்பதைச் சமயச் சிந்தனை உற்றுநோக்கியாக வேண்டும். அணை கட்டப்பட்ட ஆண்டுகளில் மலேரியாவும் பிற நோய்களும் நூற்றுக்கணக்கான தொழிலாளரைப் பலிகொண்டன. அவர்களுள் பலர் அணைக்கு அருகிலேயே புதைக்கப்பட்டனர். அவர்களது பெயர்களைச் சொல்லிப் பொங்கலிடும் வழக்கம் வேரூன்றவில்லை. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசோடு கையெழுத்தான 999 ஆண்டுக் குத்தகையில், நீர் தேங்கும் 8,000 ஏக்கருக்கு ஆண்டுக்கு 40,000 ரூபாய் என்று வாடகை வகுக்கப்பட்டது. ஆனால் நீரடியில் போன காடும் அக்காட்டில் வாழ்ந்த உயிர்களும் எந்த ஒப்பந்தத்திலும் கடன் கொடுத்தோராக இடம்பெறவில்லை. நன்றியுணர்வு இயல்பாகவே ஒரு முகத்தைத் தேடுகிறது. முகமுள்ள ஒருவருக்குக் கடன் முழுவதையும் செலுத்திவிட்டு, முகமறியாத பலருக்குரிய பங்கை மறந்துவிடும் ஆபத்து அதனுள் எப்போதும் இருக்கிறது. அணையின் உறுதி குறித்து இரு மாநிலங்களுக்கிடையே எழுந்த வழக்கு கூர்மையடைந்து, 2011 டிசம்பரில் கம்பம், குமுளிப் பகுதிகள் கொந்தளித்ததன் பின், இப்பொங்கலில் உரிமை முழக்கத்தின் ஒலியும் கலந்துவிட்டது. உரிமையைக் காப்பது நியாயமே. ஆயினும் கடனை ஒப்புக்கொள்ளக் கூடிய கூட்டம் உரிமையை நிலைநாட்டக் கூடும் கூட்டமாக மட்டும் மாறுமாயின், அது வேறொரு வகைக் கூட்டமாகிவிடும் என்பதை மறுக்க முடியாது.

வீரபாண்டியில் கௌமாரியம்மனுக்குச் சித்திரையில் எடுக்கும் திருவிழா, முகம் தேடாத ஒரு நன்றிக்கு எடுத்துக்காட்டு. அங்கு அத்தி மரத்தின் மூன்று கவருள்ள கொம்பைக் கம்பமாக நட்டு, விழா முடியும்வரை முல்லையாற்றில் குடம் குடமாக நீர் முகந்து வந்து அதன்மேல் ஊற்றுகிறார்கள். கோடையின் உச்சத்தில், எவரும் குடிக்கவோ பயிரிடவோ போவதில்லாத ஒரு கட்டைக்கு நீர் வார்ப்பது கணக்குப் பார்ப்பவருக்கு வீணாகத் தோன்றலாம். ஆனால் சடங்கு வேறொன்றை எடுத்த எடுப்பிலேயே நிபந்தனையாக்கிவிடுகிறது: ஆற்றில் நீர் இருக்க வேண்டும், அந்நீர் அம்மனுக்கு வார்க்கத்தக்க தூய்மையோடு இருக்க வேண்டும். ஊர்களின் கழிவுநீர் கலந்த ஆற்றில் குடத்தை முக்கும்போது, அந்த நிபந்தனை மீறப்பட்டதைச் சடங்கே கை சுட்டிக் காட்டுகிறது. சித்திரை முழுநிலவு நாளில் மட்டும் திறக்கப்படும் மங்கலதேவி கண்ணகி கோயிலில் இக்கட்டுப்பாடு எழுத்து வடிவம் பெற்றிருக்கிறது. பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் அமைந்த அக்கோயிலுக்குச் செல்வோர் நெகிழிப் பொருள்களைக் கொண்டுசெல்லவும் இருட்டிய பின் தங்கவும் அனுமதியில்லை. இரு மாநில அதிகாரிகளும் கூடி ஆண்டுதோறும் விதிகளை வகுக்கின்றனர். அடியவர் சிலருக்கு இது வழிபாட்டுரிமையில் குறுக்கீடாகப் படுகிறது. ஆண்டில் முந்நூற்றுக்கு மேற்பட்ட நாள்களைக் காட்டுக்கே விட்டுவிடும் விரதம் என்று இதனைக் கொள்வதே அவ்விடத்துக்கும் அத்தெய்வத்துக்கும் பொருந்தும்.

விழாவின் மேற்பரப்பில் தெரியும் பூவும் மேளமும் மட்டுமே அதனைத் தாங்கி நிற்பவை அல்ல. தென் மாவட்டச் சிற்றூர்களில் திருவிழாவுக்குச் சாட்டியதும் தலைக்கட்டு வரி பிரிக்கப்படும். தலைக்கட்டு என்பது மணமாகித் தனிக்குடும்பமாக நிற்கும் ஒவ்வோர் அலகையும் குறிக்கும். வசதியுள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் வரி ஒன்றே. கொடுத்தவன் ஊரில் சேர்ந்தவன். கொடுக்காதவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊர் வருமா என்ற கேள்வி எழும். கண்மாய்ப் பாசனத்தில் இதற்கு இணையாக இருந்தது குடிமராமத்து. கண்மாய் நீரால் பயன்பெறும் குடிகள் தம் நிலத்தின் அளவுக்கேற்ப ஆள் அனுப்பி வரத்துக்கால் தூர்வாருவதும், கரைக்கு மண் போடுவதும், மடையைச் சீர்செய்வதும் அதன் நடைமுறை. நீர் பங்கிடும்போது முறை உண்டு. மராமத்தின்போதும் முறை உண்டு. இரண்டும் ஒரே கணக்கின் வரவும் செலவும். ஊர்க்காவல் தெய்வம் இங்கு வரம் கொடுப்பவராக இருந்ததைவிட, கணக்கைப் பார்த்திருக்கும் சாட்சியாகவே இருந்தார். மடையருகிலும் கரையிலும் தெய்வத்துக்குக் கல் நட்டு வைத்ததன் உட்பொருள் அதுவே என்று கருத இடமுண்டு.

இம்முறை ஆங்கில ஆட்சியில் நலியத் தொடங்கியபோது, அதனைச் சட்டத்தால் தூக்கி நிறுத்தும் நோக்குடன் 1858 இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வழக்கம் விதித்த உழைப்பைச் செய்யாதவரைத் தண்டிக்க அச்சட்டம் வழிசெய்தபோதிலும், நீரின் மேலான உரிமையும் வருவாயும் அரசிடம் சென்றபின் கடமை மட்டும் குடிகளிடம் தங்க மறுத்தது வியப்பன்று. 2017 மார்ச்சில் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கி, செலவில் பத்தில் ஒரு பங்கைப் பயன்பெறும் உழவர்கள் உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தர வேண்டும் என்று வகுத்தது. அதனால் பல கண்மாய்கள் தூர்வாரப்பட்டன. ஆனாலும் பொக்லைன் வந்து ஓரிரு நாளில் முடித்துவிட்டுப் போகும் வேலையும், ஊரார் வரிசையாக நின்று மண்கூடையைக் கைமாற்றிக் கரையேற்றும் வேலையும் மண்ணளவில் ஒன்றாக இருக்கலாமே தவிர, அறத்தளவில் ஒன்றாகா. இரண்டாவதில், தன் முறைக்கு வராதவன் யாரென்று வந்தவர் அனைவருக்கும் தெரியும்.

பழைய முறையைப் போற்றும் எவரும் அதன் வட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டோரை மறைக்கக் கூடாது. மடையைத் திறந்து மூடி, நள்ளிரவில் வரப்பில் நின்று நீர் பாய்ச்சிய பணி பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினருடையது. அவர்களிடமிருந்தே தலைக்கட்டு வரி வாங்க மறுத்த ஊர்களும் உண்டு. வரி வாங்க மறுப்பது சலுகை போலத் தோன்றினும், தேர் வடத்தைத் தொடும் உரிமையையும் ஊர் என்னும் சொல்லுக்குள் இடம்பெறும் உரிமையையும் மறுக்கும் வழி அது. உழைப்பால் கடனை முன்கூட்டியே செலுத்திவிட்டவர்களைக் கடன்பட்டோரின் சமூகத்தில் சேர்க்காத ஓர் ஏற்பாடு, தன் கோட்பாட்டின்படியே பொய்த்துப்போன ஏற்பாடு. இலங்கையில் 1958 இல் ஏ. டி. ஆரியரத்ன என்னும் ஆசிரியர் சர்வோதய இயக்கத்தைத் தொடங்கியபோது, தம் மாணவர்களை முதலில் அழைத்துச் சென்றது தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்டிருந்த ரொடியா மக்களின் கனத்தொலுவைக் கிராமத்துக்கே என்பது இங்கு நினைக்கத் தக்கது. சிரமதானம், அதாவது உழைப்பைத் தானமாகத் தருதல் என்னும் பௌத்த ஒழுக்கம், அங்கு கிணறு வெட்டுவதிலும் பாதை போடுவதிலும் தொடங்கினாலும், யாரோடு சேர்ந்து வெட்டுவது என்பதையே முதற்பொருளாகக் கொண்டது.

இன்றைய சூழல் அக்கறையும் இதே தேர்வுக்கு உட்பட்டதே. 2021 இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது; 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் வனங்களில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பின்னர் அத்தடையைப் புலிகள் காப்பகங்கள், சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள் ஆகியவற்றின் அளவில் நிறுத்தியது. காடு பிழைத்தால்தான் பள்ளத்தாக்கு பிழைக்கும் என்பது உண்மை. ஆனால் மலைமாடுகளைக் கிடை அமர்த்தி வாழ்ந்த மேய்ப்பர்களும், மலையில் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த பளியர்களும் அதற்கான விலையைக் கொடுக்க, சமவெளியில் ஆழ்துளைக் கிணறு போட்டவரும் தோட்டத்துக்கு வேலி போட்டவரும் எதையும் இழக்காமல் உலகச் சுற்றுச்சூழல் நாளில் மரக்கன்று நட்டுக் கைதட்டிக் கலைவது நேர்மையான கணக்கன்று. மதுரை மாவட்டத்து டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த ஜே. சி. குமரப்பா, ‘நிலைத்த பொருளாதாரம்’ பற்றி 1945 இல் எழுதிய நூலில், பிறரைக் கொன்று பிழைப்பதில் தொடங்கி, கொடாமல் பறிப்பது, தனக்காக உழைப்பது, தேனீயைப் போலக் கூட்டத்துக்காக உழைப்பது, கைம்மாறு கருதாது பணிசெய்வது என வாழ்முறைகளை வரிசைப்படுத்தினார். கூட்டத்துக்காக உழைப்பதையே அவர் இறுதிப் படியாக வைக்கவில்லை என்பது கவனத்துக்குரியது. தேனீக் கூட்டுக்கும் வெளியார் உண்டு.

மீண்டும் ஓடைப்பட்டிக்கு வந்தால், இதுவரை சொன்ன எந்த ஏற்பாடும் அப்படியே பொருந்தாத ஒரு நிலையைக் காணலாம். திராட்சைப் பந்தலின் கீழ் நடக்கும் வேலை நுணுக்கமானது. கவாத்து செய்து தளிர் விட்டதும், அடிச்சாம்பல் நோய் வராதிருக்கப் போர்டோ கலவை தெளிக்கிறார்கள். மயில்துத்தத்தை ஒரு கலத்திலும் சுண்ணாம்பை வேறொரு கலத்திலும் கரைத்து, பின் இரண்டையும் சேர்த்துக் கலக்கி, தீட்டிய கத்தி முனையைக் கலவைக்குள் விட்டுப் பார்ப்பது வழக்கம். முனையில் செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிகுந்துவிட்டது, இலை கருகும் என்று மேலும் சுண்ணாம்பு நீர் சேர்ப்பார்கள். இலைக்குத் தீங்கு வராமல் காக்க இத்தனை கவனம் கொள்ளும் கை, அவ்விலையிலிருந்து சொட்டி மண்ணில் இறங்கும் செம்பையும், அம்மண்ணின் அடியிலிருந்து ஏறிவரும் நீரையும் அளந்து பார்க்கத்தக்க கத்தி எதனையும் பெறவில்லை. குற்றம் உழவனுடையது என்று சொல்லிவிட இயலாது. ஆற்றுநீருக்கு மடையும் முறையும் உண்டு. கண்மாய்க்குக் கலுங்கும் காவல் தெய்வமும் உண்டு. நிலத்தடி நீரோ கரையின்றி, பங்கின்றி, பெயரின்றி இருக்கிறது.

சட்டமும் இதனை அவ்வாறே விட்டுவைத்திருக்கிறது. 1882 ஆம் ஆண்டின் அனுபோக உரிமைச் சட்டம், வரையறுத்த ஓடையாக ஓடாத நிலத்தடி நீரை நிலத்துக்குச் சொந்தக்காரர் தம் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளும் உரிமையை ஏற்கிறது. ஆழமாகத் துளைக்கப் பணம் உள்ளவர், அடுத்த நிலத்துக் கிணற்றின் ஊற்றை இழுத்துக்கொண்டாலும் அவர் எடுத்தது தம் நீரே. நிலத்தடி நீரை முறைப்படுத்தத் தமிழ்நாடு 2003 இல் இயற்றிய சட்டம் நடைமுறைக்கு வராமலே 2013 இல் நீக்கப்பட்டது. ஓடைப்பட்டி பேரூராட்சியாதலால், ஊராட்சிகளில் உலக நீர் நாளாகிய மார்ச் 22 உள்ளிட்ட நாள்களில் கூடும் கிராம சபையும் அங்கு சட்டப்படி இல்லை. கடன் பட்டது உறுதி. கடன் கேட்பவர் இல்லை. கீதை சொல்லும் களவு என்னும் குற்றம், எவர் கண்ணுக்கும் படாமல், எவரும் தீயவராக இல்லாமலேயே நிகழக்கூடிய இடம் இது.

கேட்பவர் இல்லாத கடனை ஊர்க்கூட்டம் ஒன்றே கேட்க வல்லது என்பதற்கு மராட்டியத்தில் முன்னர் அகமதுநகர் எனப்பட்ட அகில்யாநகர் மாவட்டத்து ஹிவ்ரே பஜார் சான்றாகிறது. 1990 வாக்கில் போபட்ராவ் பவார் ஊராட்சித் தலைவரானபின், அவ்வூரார் உழைப்புத் தானத்தால் மலைச்சரிவில் வரப்புகள் இட்டதோடு நிற்கவில்லை. ஒவ்வோராண்டும் மழைக்காலம் முடிந்ததும் பெய்த மழையையும் கிணறுகளின் நீர்மட்டத்தையும் அளந்து, கிராம சபையில் அனைவரும் அறிய வாசித்து, குடிநீருக்கும் கால்நடைக்கும் உரிய பங்கை முதலில் ஒதுக்கி, எஞ்சியதற்கேற்ப எந்தப் பயிரை எவ்வளவு இடலாம் என்று முடிவு செய்கிறார்கள். பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடுவதை அவ்வூர் தானாகவே விலக்கிக்கொண்டது. இக்கூட்டத்தைச் சமயச் சடங்கு என்று எவரும் அழைப்பதில்லை. ஆயினும் உத்தமபாளையத்துப் பாறையில் அமர்ந்த துறவியர் நாள்தோறும் தமக்குள் செய்துகொண்ட கணக்கெடுப்பை ஓர் ஊர் முழுவதும் ஆண்டுக்கொருமுறை வெளிப்படையாகச் செய்வதாகவே அதனைக் காண முடிகிறது. பல ஊர்களில் மழையளவும் கிணற்று மட்டமும் அரசு ஏட்டில் எண்களாகக் கிடக்கின்றன. அங்கு அவை ஒருவர்க்கொருவர் முகம் பார்த்து ஏற்றுக்கொண்ட கடனாகின்றன.

இத்தகைய கூட்டத்துக்குத் தெய்வம் வேண்டுமா என்று கேட்கலாம். போடி மேற்கு மலையில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டத்தைப் பொட்டிப்புரம் பகுதி மக்கள் எதிர்த்தபோது, அம்பரப்பர் மலை சாமியின் மலை என்பதும், மலை குடைந்தால் நீர் போய்விடும் என்பதும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டன. அவர்களுக்கு அவை இரண்டு வாதங்களாகத் தோன்றவில்லை. தெய்வத்தின் பெயர் ஊரைக் கூட்டும் என்பது உண்மையானால், ஒரு சாதிக்கோ ஒரு சமயத்துக்கோ உரிய தெய்வத்தின் பெயர் ஊரைப் பிரிக்கும் என்பதும் அவ்வளவே உண்மை. கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் அருகருகே உள்ள இப்பள்ளத்தாக்கில், கிணற்று மட்டத்தை வாசிக்கும் கூட்டம் எந்தச் சந்நிதியில் நடந்தாலும் ஒரு பகுதியார் விருந்தினராகவே வந்து நிற்க நேரும். முளைப்பாரி வளர்க்கும் பெண்கள் நவதானியத்தை ஊறவைத்து, நிழலில் முளைகட்டி, விதை வீரியமாக இருக்கிறதா என்று ஊர் நடுவில் வைத்துக் காட்டுகிறார்களே, அச்சடங்கைப் போன்ற ஒன்றே இங்கு வேண்டப்படுவது: இருப்பதை உள்ளபடி பொதுவில் வைத்துக் காட்டும் செயல். அதற்குச் சந்நிதியினும் பொதுச் சாவடியே ஏற்ற இடம்.

நடைமுறையில் இதன் கடினம் வேறிடத்தில் இருக்கிறது. பழைய திறந்த கிணறு வைத்திருப்பவர் கயிற்றில் கல் கட்டி இறக்கி மட்டத்தைக் காட்டிவிடலாம். அவர் இழக்கப்போவது எதுவுமில்லை, இழந்தது ஏற்கெனவே வெளியில் தெரிகிறது. ஆழ்துளைக் கிணறு உடையவரோ, நீர் குறைந்ததைச் சொன்னால் நிலத்தின் விலையும் கடன் கொடுப்போரின் நம்பிக்கையும் குறையும் என்று அஞ்சுவார். நிறைய இருக்கிறது என்று சொன்னால் பங்கு கேட்பார்கள் என்று அஞ்சுவார். பிரதிக்கிரமணம் செய்த துறவிக்கு இழக்க நிலம் இருந்ததில்லை. நிலமுடைய இல்லறத்தாரிடம் அதே ஒப்புதலைக் கேட்கும்போது, அவர்மேல் பழி சுமத்தாமலும் அவரை விட்டுவிடாமலும் கேட்கத் தெரிந்த ஒரு கூட்டம் தேவைப்படுகிறது. தலைக்கட்டு வரியில் அதற்கு ஒரு குறிப்பு உண்டு: அனைவரும் ஒரே நாளில், ஒரே அளவில் செலுத்துவதால் எவரும் தனித்துக் காட்டப்படுவதில்லை. கிணறுகள் அனைத்தையும் ஒரே நாளில், அறுவடை முடிந்து அடுத்த கவாத்துக்கு முன் வரும் இடைவெளியில், ஊரார் சேர்ந்து அளப்பதென்றால், அச்சத்தின் ஒரு பகுதியேனும் நீங்கும். அந்த அளவையின்போது திராட்சைக் குலை நறுக்கும் கூலிப் பெண்களும், நிலமில்லாதவராயினும் குழாயடியில் குடத்தோடு நிற்பவர்களும் பார்வையாளராக அன்றிக் கணக்குக் கேட்பவராக அமர வேண்டும். அவர்கள் குடிக்கும் நீரும் பந்தலுக்குப் பாயும் நீரும் ஒரே பாறையிடுக்கிலிருந்து வருபவை.